தட்டில் எழுதியது எத்தனை நாள் நிற்கும்? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகருக்கு, “குடும்பப் படங்கள் மொத்தத்தையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்” என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என்னைக் கொஞ்சம் கலங்கவே வைத்தன. பாதிக்கு மேல், டிஸ்க் போய் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் எழுதியவை. அதனால் இந்த இதழ் முழுக்க ஹார்டு டிஸ்க்குக்கே. மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: 2009-ல் வாங்கிய 500 ஜிபி டிஸ்க் என்னிடம் இன்னும் ஓடுகிறது. மூன்று வருடம் முன்பு வாங்கிய 4 டிபி டிஸ்க் படுத்துவிட்டது. அந்தக் காலத்துச் சரக்கு இப்போது வருவதில்லை என்கிறார் என் அண்ணன். உண்மையா சார்?

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. சரியில்லாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-ல் உங்களைப் போலவே டிஸ்க் வாங்கிய எத்தனையோ பேருடையது இரண்டு மூன்று வருடத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கும். அவை இன்று யார் மேசையிலும் இல்லை, அதனால் யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. பிழைத்துக் கிடப்பவை மட்டும்தான் நம் கண்ணில் படுகின்றன, அவற்றைப் பார்த்து ‘அந்தக் காலத்து டிஸ்க்’ என்கிறோம்.

2007-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவர் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் இருந்த எண்ணை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுதாகக்கூடாது. நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருந்தது. இந்தப் பக்கம், பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடுகிற லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை 2013-லிருந்து ஒளிக்காமல் வெளியிட்டு வருகிறது. வருடாந்திரப் பழுது 2021-ல் 1.01 சதவீதம், 2023-ல் 1.70, 2024-ல் 1.57. ஏறி இறங்குகிறதே தவிர, சரிந்து விழுந்துவிடவில்லை.

சரி, அப்புறம் அண்ணன் சொன்னதில் எந்தப் பாதி சரி? ஒரு டிஸ்க் போகும்போது அதோடு சேர்ந்து போகிற பொருள் எட்டு மடங்கு, இருபது மடங்கு ஆகிவிட்டது, இது முதலாவது. உத்தரவாதக் காலமும் சுருங்கியது. 2002 கடைசியில் பெரிய தயாரிப்பாளர்கள் சாதாரண டிஸ்க்குகளுக்கு மூன்று வருடம் இருந்ததை ஒரு வருடமாக்கினார்கள், பிறகு சிலர் ஏற்றினார்கள், 2011 தாய்லாந்து வெள்ளத்தை ஒட்டிப் பல மாடல்களுக்கு மறுபடியும் குறைத்தார்கள். தயாரிப்பாளர்களின் எண்ணிக்கையும் தேய்ந்துவிட்டது. மேக்ஸ்டர், புஜித்சூ, சாம்சங், ஹிட்டாச்சி என்று இருந்த டிஸ்க் தொழில்களெல்லாம் கைமாறி, இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர். எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது, வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு டிஸ்க்குகளுக்குள் அடியோடு வேறு வேறான பதிவு முறை இருக்கிறது, அதை அட்டைப்பெட்டியில் போடுவதில்லை. தரம் குறைந்துவிட்டது என்று மக்கள் நினைப்பதில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: புது 5 டிபி வெளி டிஸ்க்கில் பழைய வீடியோக்களை ஏற்ற ஆரம்பித்தேன். முதலில் நல்ல வேகம். கொஞ்ச நேரத்தில் தவழ ஆரம்பித்துவிட்டது. நடுவில் நின்றே போய்விடுகிறது. கேபிள் மாற்றினேன், கம்ப்யூட்டர் மாற்றினேன், அப்படியேதான் இருக்கிறது. டிஸ்க் கெட்டுப்போயிருக்கிறதா?

பதில்: அனேகமாகக் கெட்டுப்போகவில்லை. உங்களிடம் இருப்பது எஸ்எம்ஆர் டிஸ்க்காக இருக்கும். சிறிய வெளி டிஸ்க்குகளில் பெரிய கொள்ளளவு என்றாலே இப்போது பெரும்பாலும் அதுதான்.

டிஸ்க்குக்குள் கண்ணாடியிலோ அலுமினியத்திலோ ஆன தட்டு சுழல்கிறது. அதன் மேல் காந்தப் பூச்சு. அந்தப் பூச்சில் வட்ட வட்டமாக டிராக்குகள். தட்டுக்கு மிக நெருக்கமாக நகர்ந்து எழுதவும் படிக்கவும் செய்கிற சிறு முனைக்கு ஹெட் என்று பெயர். எழுதுகிற ஹெட் கொஞ்சம் அகலம், படிக்கிற ஹெட் ஒடுக்கம். எழுதுவதற்கு வலுவான காந்தப்புலம் வேண்டும் என்பதால் எழுதும் முனையை ஓர் அளவுக்கு மேல் குறுக்க முடியாது. பழைய முறையில், அதாவது சிஎம்ஆரில், எழுதுகிற அகலத்துக்கே டிராக் போட்டு, அடுத்த டிராக்கைத் தள்ளிப் போடுவார்கள். ஒன்றை அழித்து எழுதினால் பக்கத்து டிராக்குக்கு ஒன்றும் ஆகாது.

எஸ்எம்ஆரில் என்ன செய்கிறார்கள் என்றால், படிப்பதற்கு ஒடுக்கமான ஒரு கீற்று போதுமே என்று, முதல் டிராக்கின் மேலேயே பாதி ஏறும்படி இரண்டாவதை எழுதுகிறார்கள். அதன் மேல் பாதி ஏறி மூன்றாவது. ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்குவது போல. இதனால் அதே தட்டில் 25 சதவீதம் வரை கூடுதலாக இடம் கிடைக்கும் என்றுதான் 2013 வாக்கில் இது சந்தைக்கு வந்தபோது சொன்னார்கள். படிப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அடியில் இருக்கும் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால்? அதன் மேல் ஏறியிருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, அதை மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். கூரை முழுவதையும் பிரிக்காமலிருக்க, பெரும்பாலும் 256 எம்பி அளவுள்ள பட்டைகளாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆக, நீங்கள் ஒரு சின்னக் கோப்பைத் திருத்தினால்கூட, உள்ளே ஒரு பட்டை முழுக்கப் படிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடி எழுதப்படலாம்.

இந்த வேலை வெளியே தெரியாமலிருக்க, தட்டில் ஓரிடத்தைத் தற்காலிகக் கிடங்காக ஒதுக்கியிருப்பார்கள், பல மாடல்களில் சில பத்து ஜிபி. நீங்கள் அனுப்புவது முதலில் அங்கே மளமளவென்று இறங்கும். அதுதான் நீங்கள் பார்த்த நல்ல வேகம். அப்புறம் டிஸ்க் சும்மா இருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் பட்டைகளில் அடுக்கிக்கொள்ளும். நீங்கள் சும்மா விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் கிடங்கு நிரம்பிவிடும், வருவதையும் வாங்க வேண்டும், இருப்பதையும் அடுக்க வேண்டும் என்று டிஸ்க் திணறும். எம்பி கணக்கில் இரட்டை இலக்கத்துக்கும் ஒற்றை இலக்கத்துக்கும் வேகம் இறங்குவது அப்போதுதான். காப்பி முடிந்த பிறகும் விளக்கு சிமிட்டிக்கொண்டு, காது வைத்தால் உள்ளே ஹெட் ஓடுகிற மெல்லிய சத்தம் கேட்கிறதா? அது அடுக்கும் வேலை. அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

நூறு நூற்றைம்பது ஜிபியாகப் பிரித்து ஏற்றுங்கள், நடுநடுவே ஒரு மணி நேரம் மின்சாரத்தில் அப்படியே விட்டுவையுங்கள், வேலை ஒழுங்காக நடக்கும். ஒரு முறை எழுதிவிட்டு எப்போதாவது படிப்பதற்கு எஸ்எம்ஆர் மோசமில்லை. அன்றாடம் எழுதி அழிக்கிற வேலைக்கு அதை வைக்காதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் இதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டாமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் இது பெரிய விவகாரமாகவே வெடித்தது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் நுழைந்திருந்தது, தாளில் அதைக் குறிப்பிடவில்லை. பயன்படுத்தியவர்கள்தான் அதைத் தோண்டி எடுத்தார்கள். பழுதான டிஸ்க்குக்குப் பதில் இதைப் போட்டால், மற்ற டிஸ்க்குகளிலிருந்து தரவை மறுபடி கட்டும்போது பிழை காட்டி வெளியே விழுந்துகொண்டிருந்தது. பிறகு மற்ற இரண்டு நிறுவனங்களும் தங்களுடைய எந்தெந்த மாடல் எஸ்எம்ஆர் என்று பட்டியல் போட வேண்டி வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல், சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயரே வைத்தது.

ஆகவே வாங்கும் முன் பெட்டியில் இருக்கும் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை, தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே கொள்ளளவு, கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறியிருக்கும், உள்ளே ஆள் வேறாக இருப்பார். வெளி டிஸ்க் என்றால் உள்ளே எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் தெரியாது. எஸ்எம்ஆர் என்றே எண்ணிக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். பிஎம்ஆர், எஸ்எம்ஆர், ஹெச்ஏஎம்ஆர் என்று பாடத்தில் பெயர்கள் மட்டும் வருகின்றன. எதற்கு இத்தனை முறைகள்? லேசர் வைத்துச் சூடாக்கி எழுதுகிறார்களாமே, அது நிலைக்குமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க் இயந்திரத்தில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தத்தில் 50 லட்சம் எழுத்துகள்தான் பிடிக்கும், இன்று போனில் எடுக்கிற ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம். அங்கிருந்து இங்கு வருவதற்கு அவர்கள் செய்தது ஒரே வேலை, ஒரு பிட்டுக்கு ஒதுக்கும் இடத்தைக் குறைத்துக்கொண்டே போனது. முதலில் காந்தத் துணுக்குகளைத் தட்டின் பரப்பிலேயே படுக்க வைத்து எழுதினார்கள். ஒரு கட்டத்தில் படுக்க இடமில்லை. தட்டுக்குச் செங்குத்தாக நிற்க வைத்து எழுதலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி இவாசாகி 1970-களிலேயே சொல்லியிருந்தார், அது டிஸ்க்காகக் கடைக்கு வர 2005 ஆகிவிட்டது, முதலில் தோஷிபா. அதுதான் பிஎம்ஆர். நடுவில் படிக்கிற ஹெட்டிலும் ஒரு புரட்சி நடந்தது. 1988-ல் ஆல்பெர் ஃபெர், பீட்டர் குருன்பெர்க் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த பெருங்காந்தத்தடை விளைவை (சிறிய காந்தப்புலத்துக்கே மின்தடை பெரிதாக மாறுவது) வைத்து, 1997-ல் ஐபிஎம் டிஸ்க் செய்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2007-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஒரு பிட் என்பது பல காந்தத் துணுக்குகள் சேர்ந்தது. ஒரு துணுக்கு சுமார் 8 நானோமீட்டர். இதைவிடச் சிறிதாக்கினால், அறையின் சாதாரண வெப்பமே அதைத் தானாகப் புரட்டிவிடும், எழுதியது அழிந்துவிடும். புரளாமலிருக்கக் கடினமான காந்தப் பொருளில் செய்யலாம், ஆனால் அத்தனை கடினமானதை எழுதும் ஹெட்டாலும் புரட்ட முடியாது. ஹெட்டை வலுவாக்கலாம் என்றால் முனை பெருத்துவிடும், பக்கத்து டிராக் கெடும். இந்த மூன்றில் எந்த இரண்டைப் பிடித்தாலும் மூன்றாவது கையை விட்டு நழுவும். பத்துப் பதினைந்து வருடமாக இந்தத் தொழிலே இந்த முடிச்சில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

எஸ்எம்ஆர் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. ஹெச்ஏஎம்ஆர்தான் உண்மையாகவே அவிழ்க்கப் பார்க்கிறது. இரும்பும் பிளாட்டினமும் கலந்த மிகக் கடினமான பூச்சை எடுத்துக்கொண்டு, எழுதுகிற அந்தக் கணத்தில் மட்டும் அந்தப் புள்ளியை லேசரால் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள். சூட்டில் காந்தப்பிடி தளர்கிறது, ஹெட் புரட்டிவிடுகிறது, ஒரு நானோ நொடி அளவுக்குள் ஆறி மறுபடி இறுகிவிடுகிறது. சாதாரண லென்ஸால் ஒளியை இத்தனை சிறிய புள்ளிக்குக் குவிக்க முடியாது, அதற்கு ஹெட்டின் நுனியில் தங்கம் போன்ற உலோகத்தில் மிக நுண்ணிய ஓர் அமைப்பு வைக்கிறார்கள். இதெல்லாம் நடக்கும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஓரிரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சூடேற்றும் நுனி எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் இத்தனை வருடத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். சீகேட் 2024 ஜனவரியில் தட்டுக்கு 3 டிபி வீதம் 30 டிபி டிஸ்க்குகளை இந்த முறையில் அறிவித்தது. தோஷிபாவும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் லேசருக்கு முன்னால் வேறு வழிகளை எடுத்தார்கள், ஒருவர் நுண்ணலையின் துணையோடு எழுதினார், மற்றவர் எழுதும் ஹெட்டுக்குள் கூடுதல் மின்னோட்டம் செலுத்தினார். நிலைக்குமா என்று கேட்டால், பெரிய தரவு மையங்களில் லட்சக்கணக்கில் ஓடி, நாலைந்து வருடக் கணக்கு வெளியே வரட்டும் என்பேன். தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மரியாதை நிறையவே உண்டு. ஆனால் வீட்டுப் படங்களை வைக்க முதல் தலைமுறைப் பொருளை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ஹீலியம் நிரப்பிய டிஸ்க் என்கிறார்களே, வாயு கசிந்துவிட்டால்?

பதில்: ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு. உள்ளே உரசல் குறையும், தட்டுகளின் அதிர்வு குறையும், மெல்லிய தட்டுகளை நெருக்கமாக அடுக்கலாம். 2013-ல் ஹெச்ஜிஎஸ்டி என்ற டிஸ்க் நிறுவனம் 7 தட்டுகளோடு 6 டிபியில் ஆரம்பித்தது, இன்று 10 தட்டு சாதாரணம். கசிவைப் பற்றி எல்லோரும் பயந்தார்கள், பத்து வருட அனுபவத்தில் அது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. என் கவலை வேறு. பழுதானால் மூடியைத் திறந்து தரவை மீட்பது, காற்று உள்ள டிஸ்க்கை விட இதில் பல மடங்கு கஷ்டம்.

கேள்வி: ஸ்மார்ட் சோதனையில் ‘நலம்’ என்றுதான் காட்டியது. மறுநாளே டிஸ்க் செத்துவிட்டது. இந்தச் சோதனையால் என்ன பயன்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. 2007-ல் கூகுள் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு முன்னறிகுறியும் காட்டாமலேயே போயிருந்தன. ஆக ‘நலம்’ என்ற சொல்லை நம்ப முடியாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. தட்டைத் தானாகச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், தென்படாததை விட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. நலம் என்றால் நம்பாதீர்கள், நலமில்லை என்றால் உடனே நம்புங்கள்.

மொத்தத் தீர்ப்பைப் பார்க்காமல் தனித்தனி எண்களைப் பாருங்கள். 5-ஆம் எண் (மாற்றி ஒதுக்கிய செக்டார்கள், அதாவது தரவு எழுதும் சிறு துண்டுகள்), 197 (படிக்க முடியாமல் காத்திருப்பவை), 198 (சரிசெய்ய முடியாதவை) மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மெதுவாக ஏறுகிறது என்றால் அன்றைக்கே காப்பி எடுக்க ஆரம்பியுங்கள். 199 மட்டும் ஏறினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கேபிள் கோளாறு.

கேள்வி: நாலு டிஸ்க் போட்டு ரெய்டு 5 வைத்திருக்கிறேன். ஒன்று போனாலும் தரவு இருக்கும்தானே? பேக்கப் தனியாக எதற்கு?

பதில்: ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை. ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றையும் வைத்துப் போனதைக் கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் கட்டிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் கட்டி முடிக்கும் வரை மற்ற மூன்றும் ஒரு தப்பும் இல்லாமல் முழுசாகப் படிக்கப்பட வேண்டும். 2007-ல் முதல் 1 டிபி டிஸ்க் வந்தபோது அதை முழுக்கப் படிக்க ஏறக்குறைய நாலு மணி நேரம். இன்றைய 30 டிபி டிஸ்க்கை முழுக்கப் படிக்க, வேறு எந்த வேலையும் கொடுக்காவிட்டாலும், 40 மணி நேரம். கொள்ளளவு 30 மடங்கு, வேகம் மூன்று மடங்கு, அவ்வளவுதான். சாதாரண டிஸ்க்கின் தாளில், 10-க்குப் பின் 13 பூஜ்யம் போட்ட அளவு பிட்டுகள் படித்தால் ஒரு முறை படிக்க முடியாமல் போகலாம் என்று எழுதியிருப்பார்கள். அது 12.5 டிபி. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஆனால் அவர்கள் எழுதிக் கொடுக்கிற உறுதி அவ்வளவுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களைப் போலவே நாலு டிஸ்க், நாலும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியவை, வரிசை எண்கள்கூடப் பக்கத்துப் பக்கத்தில். ஐந்தாவது வருடம் ஒன்று போனது. புதிதைப் போட்டுவிட்டுக் கட்டுவதற்கு விட்டேன். இரவு பதினொன்றுக்கு 40 சதவீதம். தூக்கம் வராமல் மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன், 71 சதவீதத்தில் நின்றிருந்தது. மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு மஞ்சளாகியிருந்தது. ஒரே வயது, ஒரே சூடு, ஒரே உழைப்பு, பல வருடமாக நிதானமாக ஓடியவற்றைத் திடீரென்று இரவு பகலாக ஓட்டினால், அடுத்ததும் அதே நேரத்தில் போவதில் ஆச்சரியம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. கணக்கு வழக்குகளுக்கு வேறு காப்பி இருந்தது. இறந்துபோன என் அத்தை பேசப் பேசப் பதிவு செய்து வைத்திருந்த பன்னிரண்டு ஒலிக்கோப்புகளுக்கு இல்லை. அவற்றில் மூன்று மட்டும் ஒரு பழைய போனில் கிடைத்தன. மற்ற ஒன்பதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் ஓட ரெய்டு உதவும். தவறி அழித்ததையும், வைரஸ் பூட்டியதையும், பெட்டியோடு எரிந்ததையும் அது திருப்பித் தராது. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-க்கு மாறுங்கள், டிஸ்க்குகளை வெவ்வேறு நேரத்தில் வாங்குங்கள், பேக்கப்பைத் தனியாக வையுங்கள்.

கேள்வி: இத்தனை தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால்?

பதில்: அலமாரியில் வைப்பதற்கு மட்டும் வேண்டாம். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது, சிப்புகள்தான். அதில் தரவு என்பது ஒரு சிறு அறையில் அடைபட்ட மின்னூட்டம். முதலில் ஓர் அறைக்கு ஒரு பிட், அதாவது இரண்டு நிலை. இப்போது மலிவாகக் கிடைக்கும் கியூஎல்சியில் ஓர் அறைக்கு நாலு பிட், 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். மின்னூட்டம் கொஞ்சம் கசிந்தாலும் பக்கத்து நிலையாகத் தெரியும். சிப் தொழிலுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும். புதிது இதைவிட அதிகம் தாங்கும், சூடான இடத்தில் வைத்தால் குறையும். அன்றாட வேலைக்கு எஸ்எஸ்டியைப் போல ஒன்று இல்லை. பூட்டி வைப்பதற்கு ஹார்டு டிஸ்க்தான், அளவு மிகப் பெரிதென்றால் டேப்.

கேள்வி: டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. பிரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமிருப்பதும் போகும். அந்தச் சத்தம், ஹெட் தன் இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்புவது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தட்டு கீறிக்கொண்டிருக்கலாம். இப்போதே பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பது முக்கியமென்றால் மீட்பு வேலை தெரிந்தவரிடம் நேராகக் கொண்டுபோங்கள். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்டுவது பழைய காலத்தில் பலித்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் அளவீடுகளும் அதன் பலகையில் உள்ள சிப்பில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன, வெறுமனே மாற்றினால் ஓடாது.

கேள்வி: சரி சார், எங்களிடம் இருப்பது 3 டிபி குடும்பப் படங்கள். தலைசுற்றாமல் எப்படி வைப்பது?

பதில்: இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் டிஸ்க்குகள், முடிந்தால் சிஎம்ஆர். இரண்டிலும் அதே படங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு வீட்டில் இருக்கும் ஒருவரிடம். கூடவே மேகச் சேமிப்பில் ஒரு காப்பி, எல்லாம் முடியாவிட்டால் உயிரான சில ஆயிரம் படங்களாவது. காப்பி எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், உள்ளே ஏதாவது மாறினால் இதுவும் மாறிவிடும்) கணக்கிட்டு, அந்தப் பட்டியலையும் கூடவே வையுங்கள், அதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு.

கேள்வி: வருடத்துக்கு ஒரு முறை டிஸ்க்கைச் செருகி, ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்தானே?

பதில்: போதாது. செருகியதும் கோப்புப் பெயர்கள் வரும், நாலு படம் திறக்கும், நமக்கும் திருப்தியாக இருக்கும். நாலாயிரமாவது படம் இருக்கும் செக்டாரை எழுதிய நாளிலிருந்து யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுவதையும் படிக்கவிட்டு, செக்சம் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். 3 டிபிக்கு ஆறேழு மணி நேரம் ஆகும், இரவில் விட்டால் காலையில் முடிந்திருக்கும். ஒத்துப்போகாத கோப்பு ஏதாவது வந்தால் இன்னொரு டிஸ்க்கிலிருந்து அதைத் திரும்ப எடுத்துப் போடுங்கள், போட்ட கையோடு 5, 197, 198 எண்களையும் ஒரு தாளில் தேதியோடு குறித்து, டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.